கண்ணாடியில் இல்லாத எழுத்து

போர் விமானங்கள் வருகிற படம் எதுவானாலும் ஒரு காட்சி தப்பாமல் இருக்கும். விமானியின் முகத்துக்கு நேரே சாய்வாக ஒரு கண்ணாடித் தகடு. அதில் பச்சை நிறத்தில் எண்களும் கோடுகளும் மிதக்கும். அதன் வழியாகவே அவர் எதிரி விமானத்தைக் குறிபார்ப்பார். இங்கே நமக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். கண்ணாடி இருப்பதோ கண்ணிலிருந்து ஒன்றரை முழத் தொலைவில். எதிரி விமானம் இருப்பதோ இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி. பக்கத்தில் உள்ளதைப் படித்தால் தொலைவில் உள்ளது மங்கும். தொலைவைப் பார்த்தால் பக்கத்து எழுத்து கலங்கும். எல்லோருடைய கண்ணும் இப்படித்தான். அப்படியானால் விமானிக்கு மட்டும் இரண்டும் ஒரே நேரத்தில் எப்படித் தெளிவாகத் தெரிகின்றன?

இரவு ரயிலில் ஏசி பெட்டியின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் இந்தச் சிக்கலை நேரிலேயே பார்த்திருப்பார்கள். பெட்டிக்குள் எரியும் விளக்கின் பிம்பம் ஜன்னல் கண்ணாடியில் தெரியும். அதே கண்ணாடி வழியாக வெளியே நிலாவும் தெரியும். விளக்கை உற்றுப் பார்த்தால் நிலா இரண்டாகும். நிலாவைப் பார்த்தால் விளக்கு இரண்டாகும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் விளக்கின் பிம்பம் நிலாவை விட்டு ஓடிவிடும். அந்த விளக்கை நிலாவின் மேல் அசையாமல் ஒட்டவைக்க வேண்டும். போர் விமானப் பொறியாளர்கள் செய்து முடித்த வேலை இதுதான். அதற்கான கருவியை ஹெட்-அப் டிஸ்ப்ளே என்கிறார்கள். தமிழில் 'தலைநிமிர் காட்டி' என்று வைத்துக்கொள்ளலாம். விமானிகள் சுருக்கமாக 'ஹட்' என்பார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

இரண்டு நொடியின் விலை

பழைய விமானங்களில் வேகமானி, உயரமானி, திசைகாட்டி எல்லாம் விமானியின் முழங்காலுக்கு மேலே உள்ள பலகையில் வட்ட வட்டமாகப் பதிந்திருக்கும். உயரம் தெரிய வேண்டுமென்றால் தலையைக் குனிய வேண்டும். கண் அருகிலுள்ள முள்ளுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். படித்ததும் தலை நிமிரும். கண் மறுபடி தொலைவுக்கு மாறும். மொத்தம் இரண்டு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் ஒரு நொடியில் 250 மீட்டர் கடக்கும். இரண்டு நொடியில் அரை கிலோமீட்டர். எதிரே அதே வேகத்தில் இன்னொரு விமானம் வந்தால், குனிந்து நிமிர்வதற்குள் இருவருக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் காணாமல் போயிருக்கும். கடல்மட்டத்தை ஒட்டித் தாழப் பறக்கிறவருக்கு இந்த இரண்டு நொடியும் கிடையாது.

அப்படியானால் எண்களைத் தூக்கிக் கண்ணுக்கு நேரே வைத்துவிட்டால் போதாதா? போதாது. தலை குனிய வேண்டாம் என்பது மட்டுமே லாபம். கண் அருகுக்கும் தொலைவுக்கும் மாறிமாறி அலைவது அப்படியே இருக்கும். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது.

நாற்பது மீட்டர் பிழை

சாதாரணக் கண்ணாடியில் ஒரு வட்டத்தைப் பிரதிபலிக்கச் செய்கிறோம் என்று கொள்வோம். அதன் பிம்பம் கண்ணிலிருந்து 1 மீட்டர் தொலைவில் தெரிகிறது. வட்டத்துக்குள் இலக்கைக் கொண்டுவந்தாயிற்று. விமானம் குலுங்குகிறது, விமானியின் தலை பக்கவாட்டில் 4 சென்டிமீட்டர் நகர்கிறது. 1 மீட்டரில் 4 சென்டிமீட்டர் என்றால் 1,000 மீட்டரில் 40 மீட்டர். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இலக்கிலிருந்து வட்டம் 40 மீட்டர் விலகிவிட்டது. துப்பாக்கி நகரவில்லை, இலக்கும் நகரவில்லை. தலை மட்டுமே நகர்ந்தது.

நல்ல ஹட்டில் அனுமதிக்கப்படும் பிழை ஏறத்தாழ 1 மில்லிரேடியன். அதாவது ஒரு கிலோமீட்டருக்கு 1 மீட்டர். நாற்பதை ஒன்றாகக் குறைப்பது எப்படி?

லென்ஸ் செய்யும் வேலை

நிலா ஏன் தலை அசைவுக்கு நகர்வதில்லை? மிகத் தொலைவில் இருப்பதால் அதன் ஒரு புள்ளியிலிருந்து நம்மை அடையும் கதிர்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக வருகின்றன. தலையை இங்கே வைத்தாலும் அங்கே வைத்தாலும் ஒரே திசையிலிருந்துதான் ஒளி வரும். ஆகவே அருகிலுள்ள ஒரு பொருளிலிருந்து கிளம்பும் கதிர்களையும் இணையாக்கிவிட்டால், கண் அதை நிலாவின் தொலைவில் உள்ளதாகவே எடுத்துக்கொள்ளும்.

இதற்கான வழியைப் பள்ளி இயற்பியல் ஆய்வகத்தில் பலரும் கையால் தொட்டிருப்பார்கள். நிறமாலைமானியில் 'இணையாக்கி' என்றொரு குழாய் இருக்கும். குவிலென்ஸின் குவியத்தில் ஒரு பிளவை வைத்தால், அதிலிருந்து வரும் ஒளி லென்ஸைத் தாண்டியதும் இணைக் கதிர்களாகும். ஹட்டின் உள்ளேயும் இதேதான். விமானியின் முன்னுள்ள பலகைக்குள் ஒரு சிறிய ஒளித்திரை படுத்திருக்கிறது. அது லென்ஸ் தொகுதியின் குவியத்தில் சரியாக அமர்ந்திருக்கும். திரையில் வரையப்படும் கோடு லென்ஸைக் கடந்து, இணைக் கதிர்களாக மேலே எழுந்து, சாய்ந்திருக்கும் கண்ணாடித் தகட்டில் பட்டு, விமானியின் கண்ணை நோக்கித் திரும்புகிறது. வெளியுலகின் ஒளி அதே தகட்டை ஊடுருவி வருகிறது. இரண்டையும் சேர்த்துத் தருவதால் அந்தத் தகடு 'இணைப்புக் கண்ணாடி'.

இப்போது முதல் கேள்விக்கு விடை வந்துவிட்டது. எழுத்து கண்ணாடியில் இருப்பதாக நாம் நினைத்தோம். விமானியின் கண்ணைப் பொறுத்தவரை அது அடிவானத்தில் இருக்கிறது. எதிரி விமானத்தைப் பார்க்க எந்தத் தொலைவுக்குக் கண் சரிசெய்துகொள்கிறதோ, அதே தொலைவில்தான் எழுத்தும். மாற வேண்டிய தேவையே இல்லை. தலை நான்கு சென்டிமீட்டர் நகர்ந்தாலும் வட்டம் இலக்கிலேயே ஒட்டியிருக்கும்.

இதற்கு ஒரு விலை உண்டு. லென்ஸ் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலமான ஒளிக்கற்றைதான் வெளியே வரும். 15 சென்டிமீட்டர் லென்ஸை 60 சென்டிமீட்டர் தள்ளியிருந்து பார்த்தால், ஒரு கண்ணுக்கு ஏறத்தாழ 14 டிகிரி அகலம்தான் கிடைக்கும். தலையை மிகவும் விலக்கினால் வட்டம் தவறான இடத்துக்குப் போகாது, ஒரேயடியாக மறைந்துவிடும். அதனால்தான் விமானி ஏறியதும் இருக்கையை ஏற்றி இறக்கி, தன் கண்ணைக் கற்றைக்குள் கொண்டுவந்துவிட்டுத்தான் மற்ற வேலைகளைப் பார்ப்பார்.

வெயிலோடு போட்டி

நண்பகல் வெயிலில் செல்போன் திரையைப் படிக்கவே திண்டாடுகிறோம். மேகத்துக்கு மேலே நிலைமை இன்னும் மோசம். வெயில் பட்ட வெண்மேகத்தின் பிரகாசத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 34,000 கேண்டெலா என்று ஹட் வடிவமைப்பாளர்கள் கணக்கில் கொள்கிறார்கள். நம் மேசைக் கணினித் திரை 300 கேண்டெலா இருந்தாலே அதிகம். மேகத்தின் மேல் ஒரு கோடு தெரிய வேண்டுமென்றால் அந்தக் கோடு மேகத்தைவிட ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக ஒளிர வேண்டும். அதாவது ஏறத்தாழ 7,000 கேண்டெலா கண்ணைச் சேர வேண்டும்.

இதற்கு மூன்று தந்திரங்கள். முதலாவது, வரையும் முறை. பழைய டிவி பெட்டியில் இருந்ததைப் போன்ற கேதோடு கதிர்க் குழாயைத்தான் பல பத்தாண்டுகள் ஹட்டில் வைத்தார்கள். டிவியில் எலக்ட்ரான் கற்றை திரை முழுவதையும் வரிவரியாகத் துடைக்கும். ஹட்டில் அது பேனா முனைபோல எழுத்தையும் கோட்டையும் மட்டுமே வரையும். வெற்றிடத்தில் நேரத்தை வீணாக்காததால் கோடு பளீரென்று எரியும். இரண்டாவது, நிறம். நம் கண் பகல் ஒளியில் பச்சையைத்தான் மிக நுட்பமாக உணரும். டெர்பியம் கலந்த ஒளிர்பொருள் ஒன்று மிகக் குறுகிய அலைநீளத்தில், 545 நானோமீட்டரை ஒட்டி, பச்சையாக ஒளிர்கிறது. மூன்றாவது, கண்ணாடியின் மேற்பூச்சு. அந்தக் குறிப்பிட்ட பச்சையை மட்டும் நன்றாகத் திருப்பி, மற்ற நிறங்களைத் தடையில்லாமல் உள்ளே விடுமாறு பூச்சைச் செய்கிறார்கள். வெளியுலகம் மங்குவதில்லை, எழுத்தும் மங்குவதில்லை. திரைப்படத்தில் வரும் அந்தப் பச்சைக்குக் காரணம் அழகு இல்லை, இந்தக் கணக்குதான்.

துப்பாக்கியிலிருந்து வந்தது

கருவியின் மூலம் விமானத்துக்கும் முந்தியது. டப்ளினில் தொலைநோக்கிகள் செய்துவந்த ஹோவர்ட் கிரப், 1900-இல் துப்பாக்கிகளுக்கான ஒரு குறிபார்ப்புக் கருவியை வடிவமைத்தார். ஒளிரும் குறி, அதை இணைக் கதிராக்கும் லென்ஸ், சாய்ந்த கண்ணாடி: மூன்றும் அதிலேயே இருந்தன. முதல் உலகப் போரின் கடைசி ஆண்டான 1918-இல் ஜெர்மானியர்கள் அதைப் போர் விமானத்தில் பொருத்தினார்கள்.

அதுவரை குறி அசையாதது. இரண்டாம் உலகப் போரில் அது அசையத் தொடங்கியது. குறுக்கே பறக்கும் விமானத்தைச் சுட வேண்டுமென்றால், குண்டு போய்ச் சேரும் நேரத்தில் அது எங்கே இருக்குமோ அங்கே சுட வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதை விமானிகள் அனுபவத்தால் ஊகித்தார்கள், பெரும்பாலும் தவறினார்கள். 1944-இல் ஸ்பிட்ஃபயர் விமானங்களுக்கு வந்த பிரிட்டிஷ் கைரோ குறிபார்ப்புக் கருவி இந்த ஊகத்தைத் தானே செய்தது. எதிரி விமானத்தின் இறக்கை அகலத்தை விமானி ஒரு சுழல்பொத்தானில் வைப்பார். வைர வடிவப் புள்ளிகளாலான வளையம் அந்த இறக்கையைச் சரியாக அணைக்கும் வரை, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலின் கைப்பிடியைத் திருகுவார். அதிலிருந்து தூரம் கிடைத்துவிடும். விமானம் திரும்பும் வேகத்தைச் சுழலும் கைரோஸ்கோப் உணர்ந்து வளையத்தை நகர்த்தும். வளையத்தை இலக்கின் மேல் வைத்துப் பறந்தால் போதும். துப்பாக்கி தானாகவே முன்னோக்கிக் குறிவைத்திருக்கும். ஒரு கணக்கின் விடை, எண்ணாக இல்லாமல், உலகத்தின் மேல் ஓர் இடமாகக் காட்டப்பட்டது.

1958-இல் முதன்முதலாகப் பறந்த பிரிட்டனின் பக்கனியர் கடற்படை விமானம், எதிரி ராடாரில் படாமல் அலைகளை ஒட்டிப் பறந்து போர்க்கப்பல்களைத் தாக்குவதற்காகக் கட்டப்பட்டது. குனிந்து படிக்க நேரமில்லாத அந்த விமானத்தில்தான், பறப்பதற்கான தகவல்களும் குறிபார்ப்புக் கருவியோடு சேர்ந்து கண்ணாடிக்கு ஏறின. பிரான்சில் 1960-களில் ழில்பேர் க்ளோப்ஃப்ஸ்டைன் என்ற சோதனை விமானி, தரையிறங்குவதற்கு எந்தக் குறிகள் வேண்டும் என்று ஓர் ஒழுங்கை உருவாக்கினார். அதை ஒரு தரையிறக்கத்தை வைத்தே பார்ப்போம்.

மூக்கு ஒரு பக்கம், பயணம் ஒரு பக்கம்

எஃப்-16 விமானம் ஒன்று ஓடுதளத்தை நெருங்குகிறது. உயரம் 300 மீட்டர், வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர். எடையைப் பொறுத்து இந்த வேகம் மாறும். கணக்குக்கு இது போதும். 3 டிகிரி சரிவில் இறங்க வேண்டும். நொடிக்கு 75 மீட்டர் முன்னேறி, ஏறத்தாழ 4 மீட்டர் இறங்குகிறது.

விமானம் இறங்குகிறதே, மூக்கும் கீழ்நோக்கித்தானே இருக்கும்? இல்லை. வேகம் குறைந்த நிலையில் எடையைத் தாங்க வேண்டுமென்றால் இறக்கை காற்றை அதிகச் சாய்வில் சந்திக்க வேண்டும். மூக்கு நோக்கும் திசைக்கும் விமானம் உண்மையில் செல்லும் திசைக்கும் இடையேயான இந்தக் கோணத்தைத் 'தாக்குகோணம்' என்பார்கள். எஃப்-16 இறங்கும்போது அது சுமார் 11 டிகிரி. பாதை 3 டிகிரி கீழே, மூக்கு அதைவிட 11 டிகிரி மேலே. ஆக, தரையை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் விமானத்தின் மூக்கு அடிவானத்துக்கு 8 டிகிரி மேலே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மூக்கை நம்பினால் விமானி ஏமாந்துபோவார்.

ஹட்டில் மூன்று குறிகளைக் கவனிப்போம். அடிவானத்தின் மேலேயே சரியாகப் படிந்திருக்கும் ஒரு நீளக் கோடு. மூக்கு நோக்கும் திசையில், கோட்டுக்கு 8 டிகிரி மேலே, ஒரு சிறு சிலுவை. மூன்றாவது, இரு பக்கமும் இறக்கைபோல் கோடு நீட்டிய ஒரு சின்ன வட்டம். அது மூக்கைப் பொருட்படுத்தாது. விமானம் இந்த நொடியில் எந்தப் புள்ளியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறதோ அங்கே அமர்ந்திருக்கும். இதைப் 'பயணக்குறி' என்போம். இப்போது அது கோட்டுக்கு 3 டிகிரி கீழே, தகட்டின் அடிப்பகுதியில் இருக்கிறது. எதையும் மாற்றாமல் பறந்தால் சக்கரங்கள் தரையைத் தொடப்போகிற திசை அது.

இரண்டு கேள்விகள், இரண்டு விடைகள்

இறங்கும் விமானிக்கு இரண்டு கேள்விகள். நான் சரியான பாதையில் இருக்கிறேனா? சரியான இடத்துக்குப் போகிறேனா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஒன்றல்ல.

முதல் கேள்விக்கு ஓடுதளத்தின் முனை அடிவானக் கோட்டுக்கு எத்தனை டிகிரி கீழே தெரிகிறது என்று பார்த்தால் போதும். 3 டிகிரி கீழே தெரிந்தால் அவர் 3 டிகிரி பாதையின் மேல் இருக்கிறார். தரையிலிருந்து எந்தச் சமிக்ஞையும் தேவையில்லை. இது வெறும் முக்கோணம்.

நம் விமானிக்கு முனை 4 டிகிரி கீழே தெரிகிறது என்போம். 300 மீட்டர் உயரத்தில் 4 டிகிரி என்றால் முனை ஏறத்தாழ 4.3 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அந்தத் தொலைவில் அவர் இருந்திருக்க வேண்டிய உயரம் 225 மீட்டர். எனவே 75 மீட்டர் அதிக உயரத்தில் வருகிறார். இந்தக் கழித்தல் எதையும் அவர் செய்வதில்லை. அடிவானத்துக்கு 3 டிகிரி கீழே ஹட் வரைந்து காட்டும் கோட்டையும் தாண்டி ஓடுதள முனை கீழே போயிருப்பதைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும்.

என்ன செய்ய வேண்டும்? பயணக்குறியை ஓடுதள முனைக்குச் சற்று முன்னால், தரையில் வைத்துப் பறப்பார். விமானம் அதிகச் சரிவில் இறங்க இறங்க, முனை தெரியும் கோணம் 4-லிருந்து மெல்லக் குறைந்து 3-ஐ நெருங்கும். மூன்றைத் தொட்டதும் பயணக்குறியைத் தூக்கி முனையின் மேல் வைப்பார். இரண்டு கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் வந்து பொருந்திவிட்டது. தாழ்ந்து வந்தால் இதற்கு நேர்மாறு: குறியை அடிவானக் கோட்டுக்கு உயர்த்தி, மட்டமாகப் பறந்து, முனை 3 டிகிரிக்கு இறங்கும் வரை காத்திருப்பார்.

பழைய முறையில் இதே வேலைக்கு உயரமானி, வேகமானி, இறங்கும் வீதம் காட்டும் கருவி மூன்றையும் படித்து மனத்துக்குள் சேர்க்க வேண்டும். ஒருமுறை குனிந்து நிமிரும் இரண்டு நொடியில் 150 மீட்டர் முன்னேறி, 8 மீட்டர் இறங்கியிருக்கும்.

குறி எப்படிக் கண்டுகொள்கிறது?

விமானத்துக்குள் கைரோஸ்கோப்புகளும் முடுக்கமானிகளும் கொண்ட ஒரு பெட்டி, ஒவ்வொரு திருப்பத்தையும் தள்ளலையும் அளந்து, தரையைப் பொறுத்து விமானம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கூட்டிக்கொண்டே வருகிறது. அந்தத் திசைதான் பயணக்குறி. தரையைப் பொறுத்த திசை என்பதால் காற்றின் தள்ளலும் அதில் அடங்கிவிடும். இடப்பக்கக் காற்றைச் சமாளிக்க மூக்கை இடதுபுறம் திருப்பிப் பறந்தால், குறி மூக்கை விட்டு வலதுபுறமாக நகர்ந்து ஓடுதளத்தின் மேல் நிற்கும்.

ஒரு நுணுக்கம் பாக்கி. எஃப்-16 விமானியின் தலைக்கு மேல் குமிழ்போல் கவிந்திருக்கும் ஒளிபுகும் கூரை வளைவானது. வெளியுலகின் ஒளி அதைக் கடக்கும்போது சற்று வளைகிறது. ஹட்டின் ஒளி அதைக் கடப்பதில்லை. எனவே சரியாகக் கணக்கிட்ட குறிகூடத் தவறான இடத்தில் விழும். கூரையின் வளைவால் எங்கே எவ்வளவு விலகல் என்பதைக் கணினி அறிந்து, குறியையும் அதே அளவு நகர்த்திவிடுகிறது. உண்மை நகர்ந்து தெரிந்தால், குறியும் கூடவே நகர வேண்டும்.

இந்தியாவின் தேஜஸ் விமானத்தின் ஹட்டைச் சண்டிகரிலுள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனம் வடிவமைத்தது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தின் பஞ்ச்குலா ஆலை அதைத் தயாரிக்கிறது. வால் இறக்கை இல்லாத முக்கோணச் சிறகு கொண்ட விமானம் என்பதால், கோவைக்குப் பக்கத்துச் சூலூர் தளத்தில் இறங்கும் தேஜஸும் மூக்கைத் தூக்கிக்கொண்டுதான் வரும்.

கண் பார்க்கும், மனம் பார்க்காது

எழுத்தும் உலகமும் ஒரே தொலைவில் வந்துவிட்டால், இரண்டையும் ஒன்றாகக் கவனித்துவிடலாம் என்றுதான் எதிர்பார்த்தார்கள். நாசா 1980-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. பறத்தல் பயிற்சிக் கருவியில் அனுபவமுள்ள பயணிகள் விமான ஓட்டிகள் ஹட்டைப் பார்த்துத் தரையிறங்கினார்கள். இறங்க வேண்டிய ஓடுதளத்தில் இன்னொரு விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். விமானிகளில் இருவர் அதைக் கவனிக்கவே இல்லை. நேராக அதன் மேல் இறங்கப் போனார்கள். அது அவர்கள் கண்ணில் படாமல் இல்லை. பச்சைக் குறிகளை ஓடுதளத்தோடு பொருத்துவதில் மனம் மூழ்கியிருந்தது.

லென்ஸால் தீர்க்க முடிந்தது தொலைவின் சிக்கலை மட்டும். கவனத்தை இணையாக்க லென்ஸ் கிடையாது. அதனால் ஹட் வடிவமைப்பில் எதைக் காட்டலாம் என்பதைவிட எதை நீக்கலாம் என்ற கேள்வி முக்கியமானது. தேவையற்ற குறிகளை ஒரே அழுத்தில் அணைக்கும் பொத்தான் இன்று ஏறக்குறைய எல்லா ஹட்டுகளிலும் உண்டு. உலகத்தோடு ஒட்டியே நகரும் குறிகள், ஓரத்தில் தனியாக நிற்கும் எண்களைப்போல் கவனத்தைக் கட்டிப்போடுவதில்லை என்பதும் பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

தகடே இல்லாத விமானம்

ஹட்டுக்கு ஒரே ஒரு திசைதான்: நேர் முன்னால். எதிரி பக்கவாட்டில் இருந்தால் பயனில்லை. ஆகவே குறிகளை ஹெல்மெட்டின் முகக் கண்ணாடியிலேயே காட்டும் முறை வந்தது. அமெரிக்காவின் எஃப்-35 விமானத்தில் இணைப்புக் கண்ணாடியே கிடையாது, எல்லாம் ஹெல்மெட்டில்தான்.

இங்கே பழைய சிக்கல் புது வேடத்தில் வருகிறது. தலை எங்கே திரும்பினாலும் அடிவானக் கோடு அடிவானத்திலேயே நிற்க வேண்டும். அதற்குத் தலையின் திசையைக் கணினி ஓயாமல் அளக்க வேண்டும். தலை நொடிக்கு 100 டிகிரி வேகத்தில் திரும்புகிறது, கணினி நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதிக்கிறது என்று கொள்வோம். அதற்குள் தலை 5 டிகிரி திரும்பியிருக்கும். ஒரு கிலோமீட்டர் தொலைவில் அது 87 மீட்டர் பிழை. தொடக்கத்தில் 40 மீட்டருக்கே அலறினோம். எஃப்-35 ஹெல்மெட்டின் ஆரம்பகாலப் பிரச்சினைகளில் இந்தத் தாமதமும் குறிகளின் நடுக்கமும் முக்கியமானவை; அவற்றைச் சரிசெய்யப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஐரோப்பாவின் டைஃபூனும் இந்தியாவின் தேஜஸும் ஹெல்மெட் காட்டியையும் வைத்துக்கொண்டு, முன்னால் கண்ணாடித் தகட்டையும் விடாமல் வைத்திருக்கின்றன. பக்கவாட்டில் பார்த்து ஏவுகணைக்கு இலக்கைச் சுட்டிக்காட்ட ஹெல்மெட் போதும்; ஏவுகணை மீதி வழியைத் தானே பார்த்துக்கொள்ளும். துப்பாக்கிக் குண்டுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஒரு மில்லிரேடியன் துல்லியம் வேண்டும். துப்பாக்கி இருக்கும் அதே உடற்கட்டில் திருகி முடுக்கிய கண்ணாடிக்கு, தலை எந்தப் பக்கம் திரும்பியது என்று யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை.